அவள் பேரில் ஒரு வோட்டு

எங்கள் வீட்டில் ஒரு வோட்டு இருந்தது. அது என்னுடையதல்ல, என் பெண்டாட்டியுடையது.

அந்தக் காலத்தில் தென்காசிப் பஞ்சாயத்து போர்டுக்கு வோட்டுப் போட வேண்டுமானால் ஊருக்குள் வரி கட்டியிருக்க வேண்டும். வீடோ கடையோ நம் பேரில் இருந்து, அதற்கு போர்டு வரி போட்டு, நாம் அதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டாதவன் தேர்தலன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கலாம். யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். நாங்கள் குடியிருந்த வீடு, என் மாமனார் தன் ஒரே மகளுக்குச் சீதனமாக எழுதி வைத்தது. வரி அவள் பேரில் வந்தது. அதனால் வோட்டும் அவள் பேரில் வந்தது.

நான் வரி கட்டாதவனா என்றால் அதுவும் இல்லை. பண்பொழியில் என் தகப்பனார் விட்டுப்போன வயலுக்கு வருஷம் தவறாமல் தீர்வை கட்டினேன். ஆனால் பண்பொழியும் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. தென்காசியோ வெள்ளைக்காரன் சீமை. காலையில் புறப்பட்டு வயலைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்; ஆனாலும் ராஜ்யம் வேறு. மகாராஜாவுக்குக் கட்டிய வரியைக் காட்டி வெள்ளைக்காரன் ஊரில் வோட்டுக் கேட்க முடியுமா? நான் கணக்கு எழுதிய அரிசி மண்டியில் கொடுத்த சம்பளமும் தொழில் வரி போடுகிற அளவுக்கு இல்லை. ஆகக்கூடி, இரண்டு ராஜ்யத்திலும் கால் வைத்தும் எனக்கு எங்கேயும் வோட்டில்லை.

இத்தனைக்கும் எங்கள் தெருவில் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எத்தனை மெம்பர்கள் வந்தால் போர்டு கூட்டம் செல்லுபடியாகும், சந்தையை எப்படி ஏலம் விட வேண்டும், பிரசிடெண்டு தப்புச் செய்தால் யாருக்கு எழுத வேண்டும் எல்லாம் எனக்கு மனப்பாடம். போர்டு கூட்டம் நடக்கிற நாளில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பேன். உள்ளே யாராவது மெம்பர் முறை தவறிப் பேசினால், "அது இந்தக் கூட்டத்தில் எடுக்கக்கூடாது!" என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பேன். சேவகன் வந்து ஜன்னலைச் சாத்துவான். முடிவெட்டும் கடையில் நான் பேப்பரை உரக்க வாசித்து விளக்கம் சொல்லும்போது வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர்களில் பாதிப்பேருக்கு வோட்டு இருந்தது. போர்டு என்றால் எருக்குழியை ஏலம் விடுகிற இடம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர்களுக்கெல்லாம் இருந்தது.

என் பெண்டாட்டிக்கும் போர்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்ற வருகிற ஆள், வரி கேட்டு வருகிற பில் கலெக்டர், அம்மை குத்த வருகிறவர், அவ்வளவுதான் அவளுக்கு போர்டு. பில் கலெக்டர் வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும் என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்ப்பார்.

யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முந்தி, ஒரு சாரல் பருவத்தில் எங்கள் வார்டுக்குத் தேர்தல் வந்தது. போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மண்டி முதலாளி. வண்டிப்பேட்டையைத் தன் மண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்னொருவர் என் பெண்டாட்டியின் அத்தை மகன்.

அத்தை மகன் என்றால் வெறும் அத்தை மகன் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியவர். பிறந்தபோதே பேசி வைத்தது. சிற்றாற்றுப் பாசனத்தில் இரண்டு குடும்பத்து வயலுக்கும் ஒரே மடை. ஒரு வருஷம் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் திறப்பது என்பதில் தகராறு வந்து, மாமனாரும் அவர் தங்கை புருஷனும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பேச்சு அறுந்தது. அந்தக் கோபத்தில் என் மாமனார் சொந்தமே வேண்டாம் என்று ராஜ்யம் தாண்டி மாப்பிள்ளை தேடினார். அப்படி அகப்பட்டவன் நான். வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக வந்திருந்தால் நான் அந்த வீட்டுக்குள்ளேயே போயிருக்க மாட்டேன். பிற்பாடு ஒரு துட்டி வீட்டில் இரண்டு குடும்பமும் அழுது சமாதானமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே யாராவது செத்துத் தொலைத்திருந்தால் அந்தச் சமாதானம் அப்போதே வந்திருக்குமே என்று நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கும்.

அவள் அவரை "அத்தான்" என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் புருஷனையும் அப்படிக் கூப்பிடுகிற பெண்கள் உண்டு. ஆனால் என்னை அவள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் அவளுக்கு "இங்கேருங்க". கூப்பிடச் சொல்லிக் கேட்டும் பார்த்துவிட்டேன். "சொந்தமா இருந்தாத்தான அப்படிக் கூப்பிடுவாங்க?" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் எரிச்சல் குறைந்துவிடுமா?

அவர் வோட்டுக் கேட்டு வந்த அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். ஆள் நெடுநெடுவென்று இருப்பார். கிராப்பு வெட்டியிருப்பார். சிரித்தால் ஒரு பல் கூட முன்னே பின்னே இருக்காது. வாசலில் வில்வண்டி நின்றது. மாட்டுக் கழுத்து மணி தெருவுக்கே கேட்டது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றார். முறைப்படி நான் அவருக்கு அண்ணன் ஆக வேண்டும். முறைகள் சில நேரம் மனிதனைக் கேலி செய்வதற்கென்றே ஏற்பட்டவை.

"வோட்டுக் கேட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, என்னிடம் கேட்கவில்லை. உள்ளே பார்த்தார்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். "வாங்கத்தான்" என்றாள். காப்பி வந்தது. அதிரசம் வந்தது. அந்த அதிரசம் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"சாரல் மாசத்துல நம்ம தெருவுல கண்ணு தெரியுதா, சொல்லு? நிலா நாள்னு போர்டுல வெளக்கு ஏத்த மாட்டேங்காவ. மேலே பாத்தா நிலாவ எங்க காணும்? ஒரே மூட்டம். நான் மெம்பரா வந்தா சாரல் முடியுத வரைக்கும் எல்லா நாளும் வெளக்கு எரியும்" என்றார்.

அது என் யோசனை. எங்கள் போர்டில் வளர்பிறையில் சில நாட்கள் தெருவிளக்கு ஏற்றுவதில்லை. நிலா வெளிச்சம் போதும், மண்ணெண்ணெய் மிச்சம் என்று ஒரு வழக்கம். மதுரைக்குச் சரி, திருநெல்வேலிக்குச் சரி. ஆனி ஆடியில் மலை முழுக்க மேகம் கவிழ்ந்து கிடக்கிற தென்காசிக்கு அது சரியா? எங்கள் கோயில் மொட்டைக் கோபுரத்தின் பாதி உயரமே கண்ணுக்குத் தெரியாது, நிலாவா தெரியப்போகிறது? இதை நான் வருஷக்கணக்காகச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிப் பொருமியிருக்கிறேன். பரிமாறிக்கொண்டு கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவர் போனதும் கேட்டேன். "ஏட்டி, அந்த வெளக்கு விஷயத்த அவர்ட்ட யாரு சொன்னது?"

"நான்தான். போன மாசம் கோயில்ல அத்தையோட வந்திருந்தாக. பேச்சு வாக்குல சொன்னேன்."

"அது நான் சொன்னதுல்லா?"

"நீங்க இங்கன ஒக்காந்து சொன்னா ரசத்துக்குத்தான் கேக்கும். போர்டுல சொன்னாத்தான் வெளக்கு எரியும்" என்றாள்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வது என் வழக்கம். ஊரில் பாதி ஆண்பிள்ளைகளின் வழக்கமும் அதுதான். அவள் ஒரு தடவை கூப்பிடுவாள், அப்புறம் தான் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கோபத்தில் அவள் சாப்பாட்டை ஒதுக்கி நான் பார்த்ததே கிடையாது. என் மேல் கோபம் வந்தாலும் நன்றாகச் சாப்பிடுவாள்.

மறுநாள் மண்டியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "என்ன வே, ஒம்ம வீட்டு வோட்டு யாருக்கு? அந்தப் பய ஒம்ம வீட்டம்மாவுக்கு அத்தை மகனாமே?" என்றார். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "எங்க வீட்டு வோட்டு ஒங்களுக்குத்தான் முதலாளி. அதுல மாத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்கிற பயத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். முதலாளி தோற்றால் எனக்கு என்ன, ஜெயித்தால் எனக்கு என்ன? அவள் கை அந்த மனுஷன் பெட்டிப் பக்கம் போகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலத்துத் தேர்தலில் ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி. எழுத்துத் தெரியாதவர்களும் நிறம் பார்த்துப் போடலாம் என்று அப்படி வைத்திருந்தார்கள். அத்தை மகனுக்குப் பச்சைப் பெட்டி, முதலாளிக்குச் சிவப்புப் பெட்டி. அதிகாரி கொடுக்கிற சீட்டில் எதுவும் எழுத வேண்டாம். மறைப்புக்குப் பின்னால் போய் வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். நிறம் அறிவித்த நாளிலிருந்து ஊருக்கே கண் கெட்டுப்போயிற்று. யார் என்ன நிறத்தில் துண்டு போட்டிருக்கிறான், யார் வீட்டுக் கொடியில் என்ன நிறச் சேலை காய்கிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். ஒருநாள் என் பெண்டாட்டி அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள்.

"இன்னைக்கு ஏன் அவரைக்காய்?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாளைக்குப் பீட்ரூட் வாங்கியாருங்க. வைக்கேன்" என்றாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் அத்தை மகன் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்தில் வோட்டுக் கேட்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் இவர் பெண்களுக்குச் செய்தார். வார்டில் வோட்டு உள்ள பெண்களை எல்லாம் வண்டி கட்டிக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வைத்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது என்று ஏற்பாடு. வோட்டு உள்ள பெண்கள் யார்? விதவைகள், ஒற்றை மகளாகப் பிறந்து சொத்து வாங்கினவர்கள், இந்த மாதிரி கொஞ்சம் பேர்தான். துணைக்கு அவருடைய அம்மாவும் போனாள். தடுக்க முடியவில்லை. "அத்தை கூப்பிடுதாக, போகாம இருக்க முடியுமா?" என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

நான் மண்டிக்குப் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் குற்றாலத்துக்கு நடந்தேன். குடை எடுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. பாதி வழியில் வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. அருவிக்கரையில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் என் பார்வை போகாமல் ஒரு மரத்தடியில் நின்றேன். என் பார்வை அத்தை மகனைத் தேடியது. அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டும். அவரோ அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் புளியோதரை அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று இலை எண்ணிக்கொண்டிருந்தார். அருவிப் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒன்று கிடைத்திருக்கும்.

அவர்தான் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி! என்ன இப்படி நனையுதீய?" என்று தன் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். வயலுக்கு வந்தேன் என்றேன். பண்பொழி வயலுக்குக் குற்றாலம் வழியாக யார் போவார்கள்? அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னார். எனக்கும் ஒரு இலை போட்டார். நல்ல பசி. சாப்பிட்டேன். திரும்பும்போது முன் வண்டியில் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, தான் நனைந்துகொண்டே பின்னால் நடந்து வந்தார். வண்டிக்குள்ளே பெண்கள் தலை ஈரத்தோடு கலகலவென்று பேசிச் சிரித்தார்கள். என் பெண்டாட்டியின் சிரிப்பும் அதில் கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நல்லவனாக இருக்கிறவன் மேல் பொறாமைப்படுவது மாதிரிக் கஷ்டம் வேறொன்றும் இல்லை. கெட்டவனாக இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

தேர்தலுக்கு முதல் நாள் அவளை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னேன். சட்டத்தை வாசித்துக் காட்டினேன். மறைப்புக்குப் பின்னால் போ. இடதுபக்கம் எது, வலதுபக்கம் எது என்று பார்க்க வேண்டாம். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போடு. சில பேர் பெட்டியைச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுச் சீட்டை உண்டியலுக்கு மேலே காணிக்கை வைக்கிற மாதிரி மேலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்களாம், அப்படிச் செய்யாதே, ஓட்டைக்குள் போட வேண்டும். நீ யாருக்குப் போட்டாய் என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் சொல்ல வேண்டியதில்லை, அது ரகசியம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

வோட்டுச் சாவடி பள்ளிக்கூடத்தில். முதலாளியின் ஆளாக உள்ளே உட்கார எனக்கு ஆசை. வாசலில் போலீஸ்காரர் தடுத்துவிட்டார். "வோட்டு உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ வெளிய நில்லும்." சட்டப்படி எனக்கு உள்ளே உட்கார உரிமை உண்டா இல்லையா என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் பின்னால் வந்த ஒரு சந்தைத் தரகன், கையெழுத்துப் போடத் தெரியாதவன், வரி கட்டினவன் என்பதால் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் காப்பிக்கொட்டை நிறச் சேலையில் வந்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. தெருவில் நின்றவர்கள் ஏமாந்துபோனார்கள். பெண்களுக்குத் தனி வாசல். ஜன்னல் வழியாக அதிகாரி கேட்பது காதில் விழுந்தது. அவள் பேரை வாசித்தார். பிறகு தகப்பனார் பேரை வாசித்தார். சீதன வீடு என்பதால் பட்டியலில் இன்னார் மகள் என்றுதான் இருந்தது. இன்னார் பெண்டாட்டி என்று என் பேர் அதிலும் இல்லை. அவள் சீட்டை வாங்கிக்கொண்டு சாக்கு மறைப்புக்குப் பின்னால் போனாள். உடனே வந்துவிடுவாள் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி மடித்துப் போட்டு மென்று முடிக்கிற நேரம் ஆயிற்று. ரெண்டு பெட்டிதானே இருக்கிறது, இவ்வளவு நேரம் என்ன யோசனை?

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற அத்தை மகன் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதில்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

"யாருக்குப் போட்ட?" என்று வழியிலேயே கேட்டேன்.

"ரகசியம்னு நீங்கதான படிச்சுக் காட்டினீய?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். அதே பதில். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் எண்ணினார்கள். அத்தை மகன் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். ஆனால் எண்ணும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. கொடுத்த சீட்டைவிடப் பெட்டிகளில் விழுந்த சீட்டு ஒன்று குறைந்தது. பெட்டிக்கு மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள், சாக்கை உதறினார்கள். இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு அப்போது பிறந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வேன்! காப்பிக் கடையில் நின்று முழங்கினேன். ஒரு சீட்டு வெளியே போனால் அது எதற்குப் போகிறது? வெளியே போன சீட்டை வைத்துக்கொண்டு அடுத்தவனிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லி, அவன் சீட்டை வெளியே வாங்கி, இப்படிச் சங்கிலியாக வோட்டு வாங்கியிருக்கிறார்கள். இது பச்சைப் பெட்டிக்காரன் வேலை. இந்தத் தேர்தல் செல்லாது. மனுப் போட்டால் ரத்தாகும் என்றேன். முதலாளி மண்டியில் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதும் வே! நீர்தான் சட்டப்புலி. எழுதும்!" என்றார். அதுவரைக்கும் யாரும் என்னைப் புலி என்று சொன்னதில்லை.

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து மனு எழுதினேன். எழுதியதை அவள் காதில் விழும்படி உரக்கப் படித்தேன். "மேற்படி காணாமற்போன சீட்டானது எதிர்மனுதாரரின் ஆட்களால் கெட்ட எண்ணத்துடன் அபகரிக்கப்பட்டு..." என்று வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். பிறகு முந்தானை நுனியில் இருந்த முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மனுவின் மேல் வைத்தாள்.

வோட்டுச் சீட்டு.

பிரித்துப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு ஒரு வோட்டு வேணும்னு தான வருஷம் பூராவும் பொருமிக்கிட்டு இருந்தீய. வச்சுக்கிடுங்க" என்றாள்.

"ஏட்டி, இது குத்தம். தெரியுமா? யாராவது பாத்திருந்தா..."

"வேற என்ன செய்யச் சொல்லுதீய? அத்தானுக்குப் போட்டா நீங்க சாப்பிட மாட்டீய. ஒங்க ஆளுக்குப் போட்டா நான் சாப்பிட மாட்டேன். ரெண்டு பெட்டியையும் மாறி மாறிப் பாத்தேன். மடிச்சு இடுப்புல செருகிட்டு வந்துட்டேன். இப்பம் சாப்பிடுங்க, ஆறிப்போவுது."

அவருக்குப் போடவில்லை! அந்த மடையும் அந்த அதிரசமும் அந்தக் குடையும் வில்வண்டியும் எல்லாம் சேர்ந்தும் அவளை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. கல்யாணமாகி அன்றுதான் எனக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு. பிசைந்து அள்ளி அள்ளிப் போட்டேன். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போதுதான் அவள் சொன்னதில் பின்பாதி மெதுவாக மண்டையில் ஏறியது. ஒங்க ஆளுக்குப் போட்டா நான் சாப்பிட மாட்டேன். என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் வயிறாரச் சாப்பிடுகிறவள். தன் அத்தானுக்கு எதிராக ஒரு சீட்டுப் போட நேர்ந்தால் அவளுக்குச் சோறு இறங்காதாம். கையில் எடுத்த உருண்டை கையிலேயே நின்றுவிட்டது.

மனுவைக் கிழித்தேன். சீட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். என் கைக்கு வந்த முதல் வோட்டு அது. முதலாளியிடம் போய், சட்டத்தை நன்றாகப் பார்த்துவிட்டேன், ஒரு சீட்டுக் குறைந்ததற்காகத் தேர்தல் ரத்தாகாது, யாராவது கிழவி பயந்துபோய் வாயில் போட்டு மென்றிருப்பாள் என்று சொன்னேன். "காலையில புலி மாதிரி உறுமினீரே வே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வே என்று மட்டும்தான் கூப்பிட்டார், புலி என்று கூப்பிடவில்லை.

அத்தை மகன் சொன்னபடி செய்தார். அடுத்த சாரலில் வளர்பிறை நாட்களிலும் எங்கள் தெருவில் விளக்கு எரிந்தது. என் யோசனை அவர் பேரில் எரிந்தது. அது மட்டுமல்ல. வருஷா வருஷம் குற்றாலத்தில் மங்குஸ்தான் பழம் இறங்கும்போது, தனக்கு வோட்டுப் போட்ட வீடுகளுக்கெல்லாம் ஒரு கூடை அனுப்பினார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. சில சமயம் தானே கொண்டுவருவார். "என் மாமா வீட்டு வோட்ட நான் மறப்பேனா?" என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார். அவள் மறுக்க மாட்டாள், ஆமென்றும் சொல்ல மாட்டாள். கூடையை வாங்கி உள்ளே வைப்பாள்.

ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் சொன்னேன். "இப்பம் ஓடிப்போய் அந்த ஆள்கிட்ட சொல்லப்போறேன். ஒனக்கு அவ போடவே இல்லைன்னு சொல்லப்போறேன்."

அவள் பழத்தை இரண்டு கையாலும் அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லுங்க. போடலைன்னா, புருஷன் சொன்ன பெட்டியில போட்டாளான்னு கேப்பாக. அதுக்கும் இல்லைன்னுதான சொல்லணும்? புருஷன் சொல்லியும் தனக்கு எதிராப் போடலைன்னு தெரிஞ்சா அத்தானுக்கு இப்ப இருக்கத விடச் சந்தோஷமாத்தான் இருக்கும்."

நான் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றேன். வெளியே மணிச்சத்தம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் ஓட்டோடு ஒரு பழத்தை என் கையில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. தின்றேன். நல்ல இனிப்பு. புளித்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.